அச்சமும் அருவருப்பும்: டிமான்ட்டி காலனியின் இரண்டு பாகங்கள்

பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம், மற்ற வகைப் படங்களின் தொடர்ச்சிகளுக்கு இல்லாத ஓர் இடர்ப்பாட்டுடனேயே பிறக்கிறது. குடும்பக் கதையிலும் காவல்துறைக் கதையிலும் பார்வையாளருக்குப் பழகிப்போன மாந்தர் மீண்டும் திரைக்கு வருவது இயக்குநருக்குக் கையிருப்பு. பேய்க்கதையிலோ அந்தப் பழக்கமே பகை. முதல் பாகத்தில் எது அஞ்ச வைத்ததோ, அதன் பெயரும் வரலாறும் ஆசையும் அந்தப் படம் முடிவதற்குள் ஓரளவு தெரிந்துவிடுகின்றன. தெரிந்துவிட்ட ஒன்றைக் கொண்டு அதே மக்களை இன்னொரு முறை அஞ்ச வைக்க வேண்டிய கட்டாயத்தில்தான் இரண்டாம் பாகத்தின் திரைக்கதை எழுதப்படுகிறது. இந்த நெருக்கடிக்கு உலகெங்கும் திரைத்துறையினர் கண்ட வழிகள் பெரும்பாலும் இரண்டு: இரத்தத்தைக் கூட்டுவது ஒன்று, கதையைக் கூட்டுவது மற்றொன்று. முதல் வழியில் சென்ற படங்களே மிகுதி. இரண்டாம் வழியில் துணிந்து சென்ற தமிழ்ப் படம் என்ற அளவில், அஜய் ஞானமுத்து 2015இல் இயக்கிய ‘டிமான்ட்டி காலனி’யையும், ஒன்பது ஆண்டுகள் கழித்து 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளியான அதன் இரண்டாம் பாகத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, இந்தக் கலைவகை எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவும்.

ஒப்பீட்டுக்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வெட்டும் குத்தும் பிய்ந்த உடலும் நிறைந்த படத்தைப் ‘பயங்கரமான படம்’ என்று சொல்லிவிடுவது பேச்சு வழக்கு. ஆனால் குருதியைக் காணும்போது எழும் உணர்வும், இருட்டில் ஏதோ நிற்கிறது என்று தோன்றும்போது எழும் உணர்வும் ஒன்றல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் வகைகளை எட்டாகப் பகுக்கும்போது, அச்சத்தை ஓர் இடத்திலும், அருவருப்பையும் இழிவுணர்வையும் உள்ளடக்கிய இளிவரலை வேறோர் இடத்திலும் வைக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்களாக அது காட்டும் நான்கில் முதலாவதாக நிற்பது அணங்கு, அதாவது பேயும் பூதமும் போன்ற, மனிதர் கைக்கு அடங்காத ஆற்றல். வடமொழி நாட்டிய சாத்திரமும் பயானகம், பீபத்சம் என்று இவ்விரண்டையும் தனித்தனிச் சுவைகளாகவே கொள்கிறது. பழைய இலக்கண ஆசிரியர்கள் பிரித்து வைத்த இந்த எல்லையை இன்றைய திரைப்பட விளம்பரங்கள் அழித்துவிட்டன என்பதும், அழிந்த எல்லையால் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் பாகம் பார்க்கச் செல்பவர்களே என்பதும் வருந்தத்தக்கவை.

அச்சம் எவ்வாறு தோன்றி எவ்வாறு அகல்கிறது என்பதற்குச் செட்டிநாட்டில் நெடுங்காலமாகப் பாடமாகச் சொல்லப்பட்டு வரும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. காரைக்குடிக்கு அருகில், கொற்றவாளீசுவரர் கோயிலைச் சார்ந்த கோவிலூர் மடம், நகரத்தார் ஆதரவில் தமிழ் வழியாக வேதாந்தம் கற்பித்த நிறுவனம். தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம் போன்ற நூல்கள் அங்கே முறையாகப் பாடம் கேட்கப்பட்டு வந்தன. வேதாந்தம் பயில்வோர் தொடக்கத்திலேயே கேட்கும் உவமை, அந்தி மயக்கத்தில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தோன்றுவது. முழு இருளில் கயிறே தெரியாது, ஆகவே அச்சமும் இல்லை. நல்ல வெளிச்சத்தில் கயிறு கயிறாகவே தெரியும், அப்போதும் அச்சம் இல்லை. பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருக்கும் வேளையில்தான் அரவம் தோன்றி உடல் நடுங்குகிறது. மெய்ப்பொருளை விளக்க எழுந்த இந்த உவமை பேய்ப்படத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. சிறந்த முதல் பாகங்கள் பார்வையாளரை அந்தி வெளிச்சத்தில் நிறுத்தி வைத்தவை. இரண்டாம் பாகம், தான் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியிருப்பதாலேயே, பெரும்பாலும் விளக்கை ஏந்திக்கொண்டு வருகிறது.

2015 மே 22 அன்று வெளியான முதல் ‘டிமான்ட்டி காலனி’ அஜய் ஞானமுத்துவின் முதல் படம். அருள்நிதி, ரமேஷ் திலக், சனந்த், அபிஷேக் ஜோசப் ஜார்ஜ் ஆகிய நால்வரும் சென்னையில் ஒன்றாகத் தங்கியிருக்கும் இளைஞர்களாக நடித்தனர். ஒரு நாள் இரவு, பொழுதுபோகாமல், பேய் உலவுவதாகச் சொல்லப்படும் ஆழ்வார்பேட்டை டிமான்ட்டி காலனி வீட்டுக்குள் நால்வரும் நுழைகின்றனர். அவர்களுள் திரைப்பட உதவி இயக்குநராக இருக்கும் ராகவன் அங்கிருந்த ஆரம் ஒன்றை மற்றவருக்குத் தெரியாமல் எடுத்து வந்துவிடுகிறான். கதையின் சுருக்கம் இவ்வளவே. பேய் பங்களாவுக்குச் சென்று மாட்டிக்கொள்ளும் கதைகள் தமிழுக்குப் புதியவை அல்ல. இந்தப் படம் புதுமை செய்தது அதற்கு அடுத்த கட்டத்தில்தான்: பங்களாவில் நடக்க வேண்டிய அத்தனையும் அந்த நால்வர் வாடகைக்கு இருக்கும் சிறிய வீட்டில் நடக்கின்றன. படத்தின் பிற்பகுதி ஏறத்தாழ முழுவதும் அந்தச் சுவர்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது.

இந்த இடமாற்றத்தின் அருமை செட்டிநாட்டுக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். தமிழ்த் திரையில் பேய் என்றாலே அகன்ற முகப்பும், நடுவே வானம் தெரியும் வளவும், வரிசையாகப் பூட்டிய அறைகளும், கட்டுக்குப் பின் கட்டாக நீளும் பெரிய வீடும் என்று ஆகிவிட்டது, சுந்தர் சி. 2014இல் தொடங்கி நான்கு பாகங்கள் எடுத்த வரிசைக்கு ‘அரண்மனை’ என்றே பெயர். பெரிய வீடு அச்சம் தருவதற்குக் காரணம் அதன் பழமை மட்டுமன்று. பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு பெருங்குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட செட்டிநாட்டு வீட்டில், குடும்பம் பெருநகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட்ட பின், ஒரு காவலரோ ஒரு முதியவரோ மட்டும் இருக்கும்போது, ஆள் புழங்காத அறைகளின் எண்ணிக்கை புழங்கும் அறைகளைவிடப் பன்மடங்கு ஆகிவிடுகிறது. யாரும் பார்க்காத அந்த இடங்களையே திரைக்கதை பேய்க்கு ஒதுக்குகிறது. ஆனால் அத்தகைய வீட்டில் வாழாத பெரும்பான்மைப் பார்வையாளருக்கு, படம் முடிந்ததும் அந்த அச்சம் அரங்கிலேயே தங்கிவிடும். டிமான்ட்டி காலனி அவர்களுடைய வீட்டுக்கே வந்தது. ஒரு கட்டில், ஒரு தொலைக்காட்சி, தாழிட்ட ஒரு கதவு என்று எல்லாரிடமும் இருக்கும் பொருள்களே அதில் கருவிகள்.

அந்தத் தொலைக்காட்சிக் காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பொழுதைப் போக்குவதற்காக நண்பர்கள் திரையில் ஓடவிட்ட படத்தில், சிறிது நேரத்தில் அவர்களே தெரிகிறார்கள். தங்களுக்கு நேரவிருக்கும் சாவைத் தாங்களே பார்க்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். இங்கே வன்முறை நடப்பதற்கு முன்பே அதன் அறிவிப்பு வந்துவிடுகிறது. திடீரென்று பேரொலியோடு ஒரு முகத்தை முன்னே தள்ளி உடலைத் துள்ள வைக்கும் உத்தியை ‘ஜம்ப் ஸ்கேர்’ என்பர். அது நொடியில் தோன்றி நொடியில் அடங்குவது. முன்னறிவிக்கப்பட்ட சாவு தரும் அச்சமோ, அது நிகழும் வரையில் வளர்ந்துகொண்டே போவது. அரங்கில் இருப்பவரும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பதால், திரையைப் பார்த்த நால்வருக்கு நேர்வது தமக்கும் நேர்வதாகத் தோன்றுகிறது. அரவிந்த் சிங்கின் ஒளிப்பதிவு இடத்தின் குறுக்கத்தை மறைக்க முயலாமல் அந்தக் குறுக்கத்தையே மூச்சுமுட்டலாக மாற்றியது. படத்தில் இரத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் பார்த்தவர் நினைவில் நிற்பது இரத்தம் அன்று, திறக்க முடியாத கதவுதான்.

படம் பயன்படுத்திக்கொண்ட பெயருக்குரிய மனிதரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜான் டி மான்டி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய வழி வணிகர். கோவளத்தில் தேவாலயம் எழுப்பியவர். தம் சொத்துகளைத் திருச்சபைக்கு எழுதி வைத்தவர். பழைய வீடுகள் ஆள் இல்லாமல் நின்றதும், தெருவில் மரங்கள் அடர்ந்திருந்ததும், நகரத்து இளைஞர்கள் நள்ளிரவில் அங்கே துணிச்சலைச் சோதிக்கச் சென்றதும் சேர்ந்து அவர் பெயரைப் பேய்க்கதையாக்கின. படம் அந்த வாய்மொழியை எடுத்துக்கொண்டு, கொலையும் வஞ்சினமும் நிறைந்த ஒரு கற்பனை வாழ்வை அவருக்குக் கட்டிக் கொடுத்தது. புனைவுக்கு அந்த உரிமை உண்டு என்றாலும், அறக்கொடை அளித்துச் சென்ற ஒருவர் தமிழ்நாட்டின் ஒரு தலைமுறைக்குச் சாபக்காரராக மட்டும் அறிமுகமாகிவிட்டது நியாயமன்று.

இரத்தத்தைக் கூட்டும் வழியில் சென்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அமெரிக்கத் திரை வரலாற்றில் தெளிவான சான்று இருக்கிறது. டோப் ஹூப்பர் 1974இல் இயக்கிய ‘தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்’ உலகின் மிகக் கொடூரமான படங்களுள் ஒன்று என்று பெயர் பெற்றது. ஆனால் மரமறுக்கும் எந்திரத்தைத் தலைப்பிலேயே வைத்திருக்கும் அந்தப் படத்தில், பார்த்தவர்கள் பார்த்ததாக நினைத்துக்கொள்ளும் அளவுக்குக் குருதி கிடையாது. ஒரு பெண்ணை இறைச்சிக் கொக்கியில் மாட்டும் காட்சியில் கொக்கி உடலுக்குள் இறங்குவது காட்டப்படுவதே இல்லை. முகமும் அலறலும் மட்டுமே வருகின்றன, மற்றதைப் பார்வையாளரின் மனமே வரைந்துகொள்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1986இல், அதே ஹூப்பர் அதன் இரண்டாம் பாகத்தை எடுத்தபோது, ஒப்பனைக் கலைஞர் டாம் சவினியின் கைவண்ணத்தில் உரித்த தோலும் சிதைந்த தலையும் வெளிப்படையாகத் திரைக்கு வந்தன. படத்தின் தொனியோ கேலிக்கு நகர்ந்துவிட்டது. சாம் ரைமி 1981இல் எடுத்த ‘தி ஈவில் டெட்’ படத்துக்கும் 1987இல் வந்த அதன் இரண்டாம் பாகத்துக்கும் இடையிலும் இதே நகர்வைக் காணலாம்: அதே காட்டுக் குடில், அதே நடிகர் புரூஸ் கேம்ப்பெல், ஆனால் பீறிட்டு அடிக்கும் குருதி பச்சையும் கறுப்புமாக நிறம் மாறி, அரங்கில் சிரிப்பை எழுப்புகிறது.

இது தற்செயல் அன்று. திரையில் ஓடும் இரத்தம் சர்க்கரைப் பாகும் சாயமும் கலந்த நீர்மம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஹிட்ச்காக் 1960இல் ‘சைக்கோ’வைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது குளியலறைக் காட்சிக்குச் சாக்லேட் பாகையே பயன்படுத்தினார். ஒரு துளி வழியும்போது அது உண்மையென்று மனம் ஏற்கிறது. குடம் குடமாகக் கொட்டும்போது அது செய்பொருள் என்று உணர்ந்துவிடுகிறது, உணர்ந்ததும் நடுக்கம் தளர்ந்து சிரிப்பு வருகிறது. தமிழ் இதை எட்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே கண்டுகொண்டது. முதலாம் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடிய செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பிணங்களையும் குருதியையும் கொண்டு பேய்கள் கூழ் சமைத்து உண்ணும் பகுதியைவிடக் கோரமான ஒன்றைத் தமிழிலக்கியத்தில் தேடுவது கடினம். அந்தப் பகுதியை வாசிக்கும் எவரும் அஞ்சுவதில்லை. ஊமைப்பேய் கைச்சாடை காட்டிக் கூழ் கேட்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். கோரம் அளவு கடக்கும்போது நகையாகிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டே புலவர் பாடியிருக்கிறார். இரண்டாம் பாகங்களை எடுத்த பலர் தெரியாமல் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

தமிழ்ப் பேய்ப்படம் குருதியைக் கட்டுப்படுத்திக்கொண்டதற்குக் கலைக்காரணத்தைவிடக் கணக்குக்காரணம் வலுவானது. தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்கு 2006இல் அறிவிக்கப்பட்ட கேளிக்கை வரிவிலக்கு, 2011இல் மாற்றப்பட்டு, அனைவரும் பார்க்கத்தக்கது என்னும் ‘யு’ சான்றிதழ் பெற்ற படங்களுக்கே உரியதாயிற்று. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வரும் வரையில் இந்த ஏற்பாடு நீடித்தது. வயது வந்தோருக்கு மட்டும் என்ற ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் அப்படியே ஒளிபரப்பவும் இயலாது. ஆகவே தயாரிப்பாளர்கள் பேயோடு நகைச்சுவையைக் கலந்து குடும்பத்தோடு பார்க்கும் படமாக ஆக்கினார்கள். ராகவா லாரன்ஸின் ‘முனி’ 2007இல் வந்தது. அதன் இரண்டாம் பாகமாக 2011இல் வந்த ‘காஞ்சனா’, தமிழில் முதல் பாகத்தைத் தாண்டிச் சென்ற மிகச் சில தொடர்ச்சிகளுள் ஒன்று. அதில் கோவை சரளாவும் தேவதர்ஷினியும் ஊட்டும் சிரிப்புக்கு நடுவே, சரத்குமார் ஏற்ற திருநங்கை வேடத்தின் முன்கதையில் நிகழும் கொலைகள் மிகக் கடுமையானவை. ஆயினும் அந்த இரத்தம் சிரிப்பாக மாறவில்லை. அது கேளிக்கைக்காகச் சிந்தப்பட்டதன்று, நிலத்தையும் உயிரையும் பறிகொடுத்தவர்களுக்காகக் கேட்கப்படும் நீதியின் பகுதி என்பதால், பார்த்தவர்கள் பேய்க்கு அஞ்சுவதை விட்டுப் பேயின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். இரத்தம் கூட்டியும் ஒரு தொடர்ச்சி வெல்லும், அந்த இரத்தத்துக்கு உரியவர் யார் என்று பார்வையாளருக்குத் தெரிந்திருந்தால்.

இந்தப் பின்னணியில் ‘டிமான்ட்டி காலனி 2’ எடுத்துக்கொண்ட வழி தனித்து நிற்கிறது. முதல் படத்தின் முடிவில் நால்வருள் எவரும் மிஞ்சவில்லை என்ற எண்ணத்தோடுதான் பார்வையாளர்கள் அரங்கை விட்டு வெளியேறினார்கள். அப்படி முற்றுப்புள்ளி வைத்த கதையைத் தொடர எளிய வழி, புதிதாக நான்கு பேரை அதே வீட்டுக்குள் அனுப்புவது. ‘பீட்சா’வுக்குப் பின் 2013இல் வந்த ‘பீட்சா 2: வில்லா’வைப் போலப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தொடர்பில்லாத கதை சொல்லவும் வழி இருந்தது. அஜய் ஞானமுத்து இரண்டையும் தவிர்த்து, முதல் படத்தின் முடிவுக்குள்ளேயே ஒரு பிளவைக் கண்டுபிடித்தார். அருள்நிதி நடித்த ஸ்ரீனிவாசனின் உயிர் முற்றிலும் பிரியவில்லை என்றும், அவனுக்கு ரகுநந்தன் என்ற இரட்டைச் சகோதரன் உண்டு என்றும், ஒருவன் உயிர் மற்றவன் உயிரோடு பிணைந்தது என்றும் கதை விரிகிறது. இன்னொரு புறம், கணவனை இழந்த டெபி என்னும் பெண்ணாகப் பிரியா பவானி சங்கர், அவன் சாவுக்குக் காரணம் தேடிப் புறப்படுகிறார். அருண் பாண்டியன் அவருடைய மாமனாராகவும், செரிங் டோர்ஜி பௌத்தத் துறவியாகவும் துணை வருகின்றனர். ஒரு நூலகத்துப் புத்தகமும், ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பும் சாவுகளும் இரண்டு கதைகளையும் முடிச்சிடுகின்றன.

முதல் படத்தில் ஒரு கணமே வந்து போன செய்திகளுக்கு இரண்டாம் படம் பொருள் கொடுக்கும் இடங்களில், திரைக்கதையின் உழைப்பு வெளிப்படையாகத் தெரிகிறது. பழைய படத்தை மீண்டும் பார்க்கத் தூண்டும் தொடர்ச்சி தமிழில் அரிது, அந்த அருமை இதற்கு உண்டு. துயரத்தில் இருக்கும் ஒரு பெண்ணைக் கதையின் நடுவில் வைத்ததும் நல்ல முடிவு, ஏனெனில் முதல் படத்தின் நால்வரும் விளையாட்டாக ஆபத்தைத் தேடிச் சென்றவர்கள், டெபியோ இறந்தவனோடு பேச வேண்டும் என்ற தாங்க முடியாத ஆசையால் செல்பவர். அவருடைய காரணம் பெரியது. ஆனால் விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தப் பொருள் வழியாக, யாரை, எப்படித் தடுக்கலாம் என்று சாபத்துக்கு விதிமுறைகள் வந்துவிட்ட பிறகு, அது அணங்கு என்ற நிலையிலிருந்து இறங்கித் தீர்க்க வேண்டிய புதிராகிவிடுகிறது. பார்வையாளர் இருக்கையின் நுனிக்கு வருகிறார், அடுத்தது என்ன என்று அறியும் ஆவலில். முதல் படத்தில் அவர் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மாந்தர் பலராக, இடங்கள் பலவாக, கணினி வரைகலை மிகுதியாக ஆனபோது, மூச்சுமுட்டல் போய்விட்டது.

இசையிலும் இந்த மாற்றம் கேட்கிறது. முதல் படத்தின் பின்னணி இசை அந்தச் சிறிய வீட்டின் ஓசைகளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றது. சாம் சி.எஸ். இரண்டாம் படத்துக்குத் தந்த பின்னணி, திறமை குறைந்ததன்று. பெருங்கதைக்குரிய முழக்கம் அது, படமும் அதைத்தான் வேண்டியது. ஆயினும் அமைதியில் கேட்கும் ஒரு சிறு ஓசைக்கு இருந்த ஆற்றல் முழக்கத்துக்குக் கிட்டவில்லை.

இரண்டு படங்களையும் ஒரே கோலால் அளந்து ஒன்றைத் தோல்வி என்று சொல்வது பொருந்தாது. அச்சம் என்ற ஒன்றை மட்டும் கேட்பவருக்கு 2015ஆம் ஆண்டுப் படமே சிறந்தது, அதில் ஐயமில்லை. முடிந்த கதையை அறிவு நேர்மையோடு திறந்து காட்டுவதில் 2024ஆம் ஆண்டுப் படம் தன் வகையில் பெரும்பாலான தமிழ்த் தொடர்ச்சிகளுக்கு மேலே நிற்கிறது. குருதியை வாரி இறைத்து இழப்பை ஈடுகட்டும் எளிய வழி கண்முன் இருந்தும் அதைத் தேர்ந்தெடுக்காததற்காகவே இயக்குநருக்கு நன்றி சொல்லலாம். இரண்டாம் பாகத்துக்குப் பின் மூன்றாம் பாகமும் அறிவிக்கப்பட்டது. இரண்டாம் பாகம் வகுத்த விதிமுறைகள் அனைத்தும் அதன் தலைமேல் இருக்கும். அவற்றுக்கு மேலும் விளக்கம் சேர்ப்பதா, அல்லது ஏற்கெனவே சொன்ன விளக்கங்களுள் ஒன்று பிழை என்று காட்டி மக்களை மீண்டும் அந்தி மயக்கத்தில் நிறுத்துவதா என்பதுதான் அதை எழுதுபவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது.